இறந்தகாலம் இன்னும் நடத்தவில்லை

மகனே,

இந்தத் தாளின் தலையில் ‘மகனே’ என்று எழுதிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டேன். உன்னை வாயால் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். கையால் கூப்பிடுவது இதுதான் முதல் முறை. ‘ம’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ‘னே’வுக்கு முன்னால் போடுகிற கொம்பு எழுத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஆனாலும் அது நீதான். தாளில் நீ உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கிறது. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். காலையில் ஒரு பத்தி, வெயில் தாழ்ந்ததும் ஒரு பத்தி. சாயங்கால வகுப்பு டீச்சர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விஷயத்தில் கை வைக்கக் கூடாதென்று நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வகுப்பு நடத்துகிறவர்கள் போடும் சின்னப் பத்திரிகைக்கு இதைக் கேட்கிறார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். உன் பெயரை எழுதவில்லை, அதனால் நீ வெட்கப்பட வேண்டாம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கல்லறைக் கல்லில் நீ எழுதிக் கொடுத்த லத்தீன் வரி தப்பு என்றும், கல்லறைத் திருநாளுக்குள் திருத்திவிட வேண்டும் என்றும் போன வாரம் போனில் சொன்னாய். நானும் சரி என்றேன். சனிக்கிழமை கல் வெட்டுகிறவர் வந்தார். அவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கல் அப்படியே இருக்கிறது. இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மறுபடியும் சரி என்பேன். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. இந்த வசதி எழுத்தில் இருப்பது எனக்கு இத்தனை வயதுவரை தெரியாமல் போய்விட்டது.

நீ அந்த வெளிநாட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், பழைய சரித்திரம் படிக்க வேண்டுமானால் முதலில் லத்தீன் படித்தாக வேண்டும் என்று உன்னை அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் பதினெட்டு வயசுப் பிள்ளைகள், நடுவில் நீ மட்டும் மீசையோடு. அதைச் சொல்லும்போது உனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அம்மா கீரை ஆய்வாள். நீ அந்தப் பக்கம் ரொட்டியைத் தின்றுகொண்டே பாடத்தை ஒப்பிப்பாய். அமோ, அமாஸ், அமாத்.

“இன்னாடா இது, எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னுகினு கீற? உங்கப்பா மாதிரியே,” என்றாள் அம்மா.

“இல்லம்மா. நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறாள். அதான் அது.”

“படிக்கப் போன எடத்துல மொத பாடமே இதானா? நல்லா கீதுடா உங்க காலேஜி.”

உழவனுக்கு லத்தீனில் என்ன வார்த்தை என்று நீ சொன்னபோது, நான் பின்னாலிருந்து, “அக்ரிகோலாவா? அது எந்தக் கம்பெனி கூல்டிரிங்க்ஸ்டா?” என்று கேட்டேன். நான் டீக்கடை மாஸ்டராகவே காலம் தள்ளினவன், எனக்கு வேறென்ன தோன்றும்? நீ சிரித்த சிரிப்பில் உன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அதை நீ எடுத்து ஊதித் தின்றதை அம்மா பார்த்துவிட்டாள். “தரையில வுயுந்தத துன்றான் பாரு,” என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் புத்தகத்தில் ஒரு மாலுமி வந்தான், நினைவிருக்கிறதா? ஒரு பெண்ணுக்கு ரோசாப்பூ கொடுக்கிறான். அவ்வளவுதான் அந்த வரி. அம்மா அதை சீரியல் மாதிரி பிடித்துக்கொண்டாள். மறுநாள் உன் முகம் போனில் தெரிந்ததும், சாப்பிட்டியா என்று கேட்ட அடுத்த மூச்சில், “அந்தப் பொண்ணு பூவ வாங்கிக்கினாளா?” என்றாள்.

“இன்னும் இல்லம்மா. பாஸ்ட் டென்ஸ் இன்னும் நடத்தல. இந்த டெர்ம் முழுக்க பிரசென்ட் மட்டும்தான். அதனால அவன் குடுத்துகினே இருக்கான்.”

“அய்யே, பாவம்டா. கை வலிக்காது அவனுக்கு?”

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கேள்விதான். கறிவேப்பிலை உருவும்போது என்னிடமே கேட்பாள். “ஏங்க, அவ வாங்கிப்பாளா மாட்டாளா? இந்தக் கடலுக்குப் போறவன நம்பி ஒருத்தி பூவ வாங்குவாளா?” நான் உன் பாடத்தில் என்ன கண்டேன்? ஆமாம் என்றும் சொல்லுவேன், இல்லை என்றும் சொல்லுவேன்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதையெல்லாம் திரும்ப எழுத எனக்கு வரவில்லை. உனக்கும் தெரியும். ஆட்டோவில் போகும்போதுகூட வழியில் தெரிந்த போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். அது அவளுக்குப் பழக்கம். அஞ்சாவது வரை படித்தவள், எனக்கும் சேர்த்து அவள்தான் படித்தாள். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, நீ அனுப்பும் மெசேஜ் எல்லாம் அவள் வாயால்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, “இங்கதான், சரியான எடத்துலதான் உட்டான்,” என்றாள். அவள் எனக்காகப் படித்துச் சொன்ன கடைசிப் போர்டு அது.

நீ வந்து சேர முடியவில்லை. மழையில் நீ வரும்வரை அவளை எங்களால் வைத்திருக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனைத் தூக்கிப் பிடித்தான், நீ அதில் பார்த்தாய். குழிக்குள் இறக்கும்போது போன் திரையில் மழைத் துளி விழுந்து உன் முகம் கலங்கிப் போனது. அவன் சட்டையால் துடைத்தான், மறுபடியும் கலங்கியது. அது மழையா நீயா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கல். கல்லில் என்ன எழுதுவது என்று நான் கேட்டதற்கு நீ மறுநாள் மூன்று வார்த்தை அனுப்பினாய். ‘மாத்தெர் நோஸ் அமாத்.’ அம்மா பெயருக்குக் கீழே அது வர வேண்டும் என்றாய். போனை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் கல் வெட்டுகிறவரிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, இங்கிலீசுல கீது, ஆனா இங்கிலீசா இல்லியே. மேட்டர்னு ஆரம்பிக்குது.”

“அது லத்தீனுப்பா. எம் புள்ள படிக்கிறான்.”

“சரி, கடைசியில பாரு. ஏ, எம், ஏ, டீ. அம்மான்னு போட வந்து, எம் ஒண்ணு உட்டுக்கீறாரு. அம்மாக்கு ரெண்டு எம். கூடவே எதுக்கோ ஒரு டீயும் போட்டுக்கீறாரு. நீ டீ மாஸ்டர்ன்றதுக்கா? நான் வேணா சரி பண்ணிப் போட்டுர்றேன். அம்மான்னு எழுதக்கூடத் தெரியாமயா படிக்க அனுப்ச்ச?”

எனக்கு எந்த எழுத்தும் தெரியாத காலம் அது. பயந்துபோய் அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். நீ வகுப்பிலிருந்து வெளியே ஓடி வந்து, மூச்சு வாங்க, “ஒரு எம்தான்பா. ஒண்ணும் மாத்த வேணாம்னு சொல்லுங்க. அது அம்மா இல்ல,” என்றாய்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப அம்மா இல்லியா?” என்றார். அவர் வார்த்தையைப் பற்றித்தான் கேட்டார்.

 “இல்ல,” என்றாய் நீ.

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் வெட்டிக் கொடுத்தார்.

அந்த வருடம் நானும் வகுப்பில் சேர்ந்தேன். உனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று நான் சொன்னதில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் நீ ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாய். போனில் உன் எழுத்து கறுப்பு எறும்பு வரிசை மாதிரி நின்றது. படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டினேன். அவன் முதல் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். “தாத்தா, இது உங்களுக்குன்னு எழுதினது, நான் படிக்கக் கூடாது,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த வாரமே கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில், பெரியவர்களுக்கு நடக்கும் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முட்டி இடிக்கிறது. நீ மீசையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னாயே, நான் நரைத்த மீசையோடு உட்கார்ந்தேன். அப்பனும் பிள்ளையும் ஒரே நேரத்தில் அரிச்சுவடி படித்தோம். இதைப் பார்க்க அவள் இருந்திருந்தால் நம்மை விட்டு வைத்திருப்பாளா?

எழுத்து கூட்டத் தெரிந்த பிறகு உலகம் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது மகனே. எங்கே திரும்பினாலும் யாரோ கூப்பிடுகிறார்கள். சுவர் பேசுகிறது, பஸ் பேசுகிறது, பிஸ்கட் பாக்கெட் பேசுகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று முதன்முதலாக முழுசாகப் படித்த போர்டு எது தெரியுமா? நம் ஊர்தான். இ, ரு, ம், பு, லி, யூ, ர். படிக்கப் படிக்க முதலில் இரும்பு வந்தது, அப்புறம் புலி வந்தது. இத்தனை காலம் ஒரு புலி இருக்கும் ஊரிலா குடியிருந்தோம் என்று எனக்கு ஒரே சிரிப்பு. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வேகமாக நடந்தேன், அவளிடம் சொல்ல வேண்டும் என்று. கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுகிறவரை எனக்கு நினைவு வரவில்லை. சந்தோஷமாக இருக்கும்போதுதான் இப்படி ஆகிறது. துக்கமாக இருக்கும்போது அவள் இல்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு நாள் டீச்சர் பலகையில் மூன்று காலங்களை எழுதினார். நிகழ்காலம், எதிர்காலம் இரண்டையும் கூட்டிப் படித்துவிட்டேன். மூன்றாவதைக் கூட்டினேன். இ, ற, ந், த. அதற்கு மேல் போக முடியவில்லை. “டீச்சர், இது செத்துப் போனவங்களுக்குன்னு தனியா வெச்ச காலமா?” என்று கேட்டுவிட்டேன். என் பக்கத்தில் உட்காரும் பாய் என் தொடையைக் கிள்ளினார். (அவர் கோவிலம்பாக்கத்தில் கடை வைத்திருப்பவர். ஏரியாவில் யாருக்கும் தெரியக் கூடாதென்று பஸ் ஏறி இங்கே வந்து படிக்கிறார். பெயரைப் போட்டால் என்னோடு பேச மாட்டேன் என்றார், அதனால் பாய் என்று மட்டும் எழுதுகிறேன்.)

“யோவ், இன்னா கேள்வி கேக்குற? அந்தப் பொண்ணு மூஞ்சப் பாரு,” என்றார் பாய்.

டீச்சர் சின்னப் பெண்தான், உன்னைவிட இளையவள். நிதானமாகச் சொன்னார். “இறந்ததுன்னா கடந்து போனதுன்னு அர்த்தம் சார். உயிரோட இருக்கறவங்களும் அதுல வருவாங்க. நீங்க காலைல டீ குடிச்சீங்க இல்ல, அதுவும் இறந்தகாலம்தான்.”

“அப்ப நான் காலையிலயே செத்தாச்சா?” என்றார் பாய். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைய வீட்டுப் பாடம், நிகழ்காலத்தில் இருக்கும் வரிகளை இறந்தகாலத்தில் மாற்றி எழுதுவது. முதல் வரி, ‘அம்மா சோறு ஆக்குகிறாள்.’ எனக்கு விடை தெரியும். பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கினேன். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக் கொண்டு போனேன். டீச்சர் பார்த்தார். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் நீ போனில் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. முன்பு போலென்றால் புரிந்திருக்காது. “அப்பா, அமாத்னா நேசிக்கிறாள். அம்மா நம்மை நேசித்தாள்னுதான் நான் எழுத நினைச்சேன். அதுக்கு அமாவித்னு வரணும். நடுவுல ரெண்டு எழுத்து. ஆனா அப்ப எங்களுக்குப் பாஸ்ட் டென்ஸ் நடத்தல. தெரிஞ்ச ஒண்ண வெச்சு எழுதிட்டேன். மாசி மாசமே எனக்குத் தெரியும்பா, சொல்ல வாய் வரல. செத்தவங்களைப் பத்தி நிகழ்காலத்துல எழுதி வெச்சிருக்கேன். திருநாளுக்குப் படிச்சவங்க வருவாங்க, பாத்து சிரிப்பாங்க,” என்றாய். அதோடு நிற்கவில்லை. இரண்டாம் வருட லத்தீனுக்குப் பெயர் கொடுக்கவில்லை, அம்மாவுக்கு ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு இந்தப் பாஷை எதற்கு என்றாய்.

சனிக்கிழமை கல் வெட்டுகிறவர் உளியும் ஈரத் துணியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். துடைத்தார், குனிந்து பார்த்தார். நடுவில் இரண்டு எழுத்தை நுழைக்க இடம் இல்லை, அந்த வரி முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டும் என்றார். நான் கல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியை விரலால் தடவினேன். அந்த எழுத்துகள் எனக்கு இன்னும் படிக்க வராது. ஆனால் கூரை வீடு மாதிரி ஒரு எழுத்து அந்தக் கடைசி வார்த்தையில் இரண்டு முறை வருகிறது, அது தெரியும். அது ‘அ’வாம். அவர் தேய்க்கிற கல்லை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்பா. இருக்கட்டும்.”

“இன்னா நைனா, பேஜார் பண்ற? வான்ற, வந்தா வேணான்ற. தப்பா கீதுன்னு உன் புள்ளதான சொன்னாரு?”

“தப்பில்ல. வா, டீ சாப்புட்டுப் போலாம்.”

தப்பில்லை மகனே. நான் உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாடம் படித்தவனாகச் சொல்கிறேன். அம்மா உயிரோடு இருந்தபோது உன்னிடம் தினமும் விசாரித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்தக் காலம் என்று நான் பார்த்தேன். சாப்பிட்டியா. குளிச்சியா. துணி காஞ்சிதா. தூங்கினியா. காய்ச்சல் விட்டுச்சா. எல்லாமே இறந்தகாலம். உன்னை நேசிக்கிறேன் என்று அவள் ஒரு நாளும் நிகழ்காலத்தில் சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? பிள்ளை சாப்பிட்டுவிட்டான், தூங்கிவிட்டான், காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொள்வதுதான் அவளுக்கு நேசம். ஆயுசு முழுக்க இறந்தகாலத்திலேயே விசாரித்தவளுக்கு, செத்த பிறகு நீ ஒரு நிகழ்காலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். தெரிந்து செய்யவில்லை, வேறு தெரியாமல் செய்தாய். இருக்கட்டும். அதைத் தேய்த்து எடுக்க என் கை வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள். கல்லைத் திருத்திவிட்டால் நீ அன்றைக்கு வந்து சேர்ந்ததாக ஆகிவிடாது. நீ திருத்த நினைப்பது கல்லை அல்ல என்று எனக்குத் தெரிகிறது. அந்த மழை நாளை உன்னாலும் தேய்க்க முடியாது, என்னாலும் முடியாது. அது அப்படியேதான் இருக்கும், நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்து பழக வேண்டும். திருநாளன்று யாராவது படித்தவர் வந்து சிரித்தால், எங்கள் பையன் இதை எழுதும்போது இறந்தகாலம் இன்னும் நடத்தவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. யாருக்குமே அதை யாரும் முன்னாடியே நடத்தி வைப்பதில்லை.

ஆனால் வகுப்பை மட்டும் விடாதே. பெயரைக் கொடு. கல்லறைத் திருநாளன்று நான் புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் வைத்துவிட்டு உனக்குப் போன் போடுவேன். போனைக் கல்லின் மேலேயே சாய்த்து வைக்கிறேன், சர்க்கரை டப்பாமேல் வைப்பது போல. நீ படித்த இறந்தகாலத்தைக் கல்லில் போட வேண்டாம், அங்கே சொல்லு. அந்த மாலுமி எவ்வளவு நாளாகக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறான். அந்தப் பெண் பூவை வாங்கிக்கொண்டாளா, இல்லையா? எதுவாக இருந்தாலும் சரி, உன் பாஷையில் ஒரு தரம், நம் பாஷையில் ஒரு தரம், நன்றாகச் சத்தமாகச் சொல்லு.

அம்மா கேட்கிறாள்.

அப்பா